காய்ந்ததா என்று கேட்பவர்

திங்கட்கிழமை காலை ஆய்வகத் தொட்டியில் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். உதவியாளர் கோபால் அண்ணன் வந்து குழாயை மூடினார்.

“நம்ம பூங்கோதை செத்துப் போயிடிச்சிம்மா. காய்ச்சல் எறங்கவே இல்லியாம்.”

பூங்கோதை அக்கா கள்ளக்குறிச்சியில் இருக்கும் எங்கள் கல்லூரியின் ஆய்வு மாணவி. மணலூர்பேட்டையில் கரும்பு போடும் குடும்பத்தில் பிறந்தவர். எளிதில் தீப்பிடிக்காத பேட்டரிக்காக அயனித் திரவங்களை ஆராய்ந்தார். நான் பத்தாவதோடு நின்றவள். அங்கே பாத்திரம் கழுவுவது என் வேலை. நான் சேர்ந்த புதிதில், அந்தத் திரவம் எண்ணெய்போல் நிறைந்திருந்த ஒரு குப்பியை அக்கா காட்டினார்.

“இது முழுக்க உப்பு மீனா. தண்ணியே கெடையாது. ஆனா காத்துல இருக்கற ஈரத்தக் குடிச்சிக்கினே இருக்கும், எங்க அண்ணன் டீ குடிக்கிற மாதிரி.”

போன மழைக்காலத்தில் ஒருநாள் கரண்ட் போய், பாத்திரங்களைக் காயவைக்கும் ஓவன் நின்றுவிட்டது. அக்கா திரவத்தை ஊற்றி அளவெடுக்கும் சிறு கண்ணாடிக் கலத்தை நான் துணியால் துடைத்து மேசையில் வைத்துவிட்டேன். மறுநாள் அதில் அளந்தபோது கணினியில் ஓடிய கோட்டில் எப்போதும் இல்லாத ஒரு மேடு எழுந்தது. யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டதாக அக்கா பூரித்தார். ஒரு வாரம் உட்கார்ந்து கட்டுரை எழுதினார். அது நான் சரியாகக் காயவைக்காமல் விட்ட ஈரமாக இருக்குமோ என்று எனக்கு உறுத்தியது. சொல்ல வாய் வரவில்லை. அனுப்பும் நாளன்றுதான் சொன்னேன்.

“ஏன்டி இத்தினி நாளா வாயே தொறக்கல?”

“பயமா இருந்திச்சிக்கா.”

அவர் நன்றாகக் காய்ந்த கலத்தில் மறுபடி அளந்தார். மேடு இல்லை. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். அதே மேடு எழுந்தது. கட்டுரையை அழித்துவிட்டு முகம் கழுவி வந்தார்.

“நீ சொல்லலன்னா ஊருக்கே பொய் சொல்லியிருப்பேன். பேசறது கம்மி, ஆனா பேச வேண்டியதப் பேசிட்ட.”

அன்று முதல், கலம் காய்ந்ததும் ‘காய்ந்தது - மீனா’ என்று நான் சீட்டு எழுதி ஒட்ட வேண்டும். சீட்டில்லாத கலத்தை அக்கா தொடமாட்டார்; “காய்ஞ்சிதா மீனா?” என்று கேட்பார். பேராசிரியரே அவசரப்படுத்தினாலும், “மீனா கையெழுத்து வரட்டும் சார்” என்பார். என் கையெழுத்துக்காக அதுவரை யாரும் காத்திருந்ததில்லை.

கோபால் அண்ணன் போனதும் குழாயை மீண்டும் திறந்தேன். அக்கா கடைசியாக அளந்த கலம் தொட்டியில் இருந்தது. அதைக் கழுவி ஓவனில் வைத்தேன். காயும்வரை பக்கத்திலேயே நின்றேன். சீட்டு ஒட்டி அவர் மேசையில் வைத்தேன்.

போய் வாருங்கள், அக்கா. நன்றாகக் காய்ந்திருக்கிறது.