யுவஸ்ரீ மடித்த பூ

யுவஸ்ரீயைக் கெட்டிக்காரி என்று ஊரே சொல்லும். அவளும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. திருச்செங்கோட்டுக்குத் தெற்கே மரவள்ளி போடும் கதிர்வேலுக்கும் கமலவேணிக்கும் ஒரே மகள். பி.காமை முதல் வகுப்பில் முடித்துவிட்டு, எம்.காம் எங்கே படிப்பது என்று ஒரு மாதம் அலசினாள்.

நோட்டில் நடுவே கோடு கிழித்து ஒரு பக்கம் சேலம், ஒரு பக்கம் சென்னை என்று எழுதினாள். எந்தப் பாடத்திட்டத்தில் தணிக்கை அதிகம், எங்கே கம்பெனிகள் வந்து ஆள் எடுக்கின்றன, படித்துக்கொண்டே ஆடிட்டர் ஆபீசில் வேலை பழக முடியுமா என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் குறித்தாள். குறித்ததெல்லாம் நிஜம்தான். ஆனால் நோட்டை வாங்குவதற்கு முன்பே முடிவு ஆகியிருந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு போட்டிக்காகச் சென்னை போயிருந்தபோது, சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்த பெண்கள் கழுத்தில் அட்டை தொங்கத் தள்ளுவண்டி முன்னால் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றபடி சத்தமாகச் சிரித்தார்கள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்த்து இன்னார் மகள்தானே என்று கேட்கவில்லை. அந்த இடத்திலேயே அவள் சென்னைக்காரி ஆகிவிட்டாள். சேலம் என்றால் தினமும் பஸ்ஸில் வீடு திரும்ப வேண்டும், இரண்டு வருடத்தில் கல்யாணம். சென்னை என்றால் அங்கேயே வேலை, அங்கேயே வீடு. ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கொரு படிப்பைத் தேடினாள் என்பதுதான் உண்மை.

அப்பா ஒருவழியாகத் தலையை ஆட்டினார். அம்மா கேட்டுக்கொண்டே அரிசி புடைத்தாள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கியபோது ஒரு வியாழக்கிழமை மெதுவாகச் சொன்னாள்: "நாளைக்கு ஆத்தா கோயலுக்குப் போயி பூ கேட்டுப்போட்டு வந்துர்லாம், சாமி."

யுவஸ்ரீக்குச் சென்னை கைநழுவுவதுபோல இருந்தது. அந்தக் குலதெய்வக் கோயிலில் பூ கேட்பது சாமானிய விஷயம் இல்லை. வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து ஆத்தா காலடியில் வைப்பார்கள். கேட்பவர் கேள்வியை மனசுக்குள் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லக்கூடாது. வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் அப்புறம் பேச்சே கிடையாது. அத்தை வீட்டில் நிச்சயம் ஆன கல்யாணமே சிவப்புப் பூவில் நின்றுபோயிருக்கிறது.

பூ மடிப்பது வீட்டுக் கன்னிப்பெண்ணின் வேலை. அங்கேதான் கெட்டிக்காரி தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினாள். கோயில் கிணற்றடியில் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, இரண்டு இலையிலும் வெள்ளை அரளியையே வைத்து மடித்தாள். செவ்வரளி சுடிதார்ப் பைக்குள் நசுங்கிக் கிடந்தது. பூசாரி சின்னுசாமி பொட்டலங்களை வாங்கும்போது அவள் தலையை நிமிர்த்தவில்லை. "பயப்படாத கண்ணு, ஆத்தா நல்லதே சொல்லுவா" என்றார் அந்த மனுசன்.

கமலவேணி இடக்கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். பிறகு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் பூசாரி வழக்கம்போலக் கிணற்றில் போட்டுவிட்டார். கமலவேணி அப்படியே தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். மகளை வெளியூர் அனுப்புவதற்கு இவ்வளவு அழுகையா என்று யுவஸ்ரீக்குக் கூச்சமாக இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

மூன்றாம் நாள் அம்மா அதே கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. கல்யாணங்களில் மற்ற பெண்கள் தொட்டுப் பார்க்கும் முடி.

"எதுக்கும்மா இப்புடிப் பண்ணுனே?"

"வேண்டுதல் சாமி. வெள்ளைப் பூ குடுத்தா முடி தாரேன்னு சொல்லியிருந்தேன்."

அன்று இரவு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யுவஸ்ரீ நினைத்தாள். சொன்னால் சென்னை போய்விடும். சொல்லவில்லை.

பூ கேட்ட இருபத்தைந்தாம் நாள் அம்மாவும் மகளும் பெட்டியோடு சென்னைக் கல்லூரி வாசலில் நின்றார்கள். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் தோளில் பை மாட்டி, போனில் இங்கிலீஷ் பேசிக்கொண்டு நின்றார்கள். கமலவேணியின் தலையில் முடி இப்போதுதான் முள்முள்ளாக முளைத்திருந்தது. இரண்டு பெண்கள் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, சீலைய இழுத்துத் தலையில போட்டுக்க" என்றாள் யுவஸ்ரீ பல்லைக் கடித்துக்கொண்டு.

அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். சொன்ன வாய்க்குச் சூடு போட வேண்டும் என்று யுவஸ்ரீக்கே தோன்றியது. யார் வைத்த பூவுக்குப் போன முடி அது?

சேர்க்கை முடிந்து, விடுதி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "என்ற காலேஜுக்காக உன்ற முடியக் குடுத்துட்டியேம்மா" என்றாள்.

கமலவேணி சிரித்தாள். "காலேஜுக்கா? அதுக்கு நான் எதுக்குப் பூ கேக்கோணும்? நீ ஆசப்பட்ட, உங்கப்பனும் சரின்னுட்டாரு. நான் வேண்டாமுன்னா சொல்லப்போறேன்?" அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உன்ன உட்டுட்டுப் போறப்பச் சொல்லோணும்னு இருந்தேன். மாருல ஒரு கட்டியாட்டம் இருந்துச்சு. நாமக்கல்லுப் பெரியாஸ்பத்திரிக்குப் போலாமுன்னு நம்மூரு ஆஸ்பத்திரில சீட்டெல்லாம் எழுதி வாங்கியிருந்தேன். பயந்துக்கிட்டே ஆத்தாளக் கேட்டேன். ஒண்ணுமில்லாத கட்டின்னா வெள்ளையக் குடுன்னு. குடுத்துட்டா. சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

யுவஸ்ரீயின் கையில் இருந்த புளிச்சோறு கையிலேயே நின்றது. இருபத்தைந்து நாள். தடுக்க யாருமே இல்லாத படிப்புக்காகத் திருட்டுத்தனம் செய்து, அம்மாவின் இருபத்தைந்து நாளைத் தின்றிருக்கிறாள். தலை முதல் கால் வரை கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அந்த நாக்கால்தான் சொல்லியாக வேண்டும், இப்போதே சொல்லியாக வேண்டும்.

"ரெண்டுலயும் வெள்ளையத்தாம்மா வெச்சேன்."

"என்ன சாமி?"

"பூவும்மா. காலேஜுக்குத்தான் கேக்கறேன்னு நெனச்சு… ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையத்தான் மடிச்சேன்."

கமலவேணி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முந்தானை வழுக்கி விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் மொட்டைத் தலையோடு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் மெல்ல எழுந்து இடது மார்பில் போய் நின்றது.

"அப்ப ஆத்தா எனக்கு ஒண்ணுமே சொல்லலையா, சாமி?"

யுவஸ்ரீ எழுந்தாள். எச்சில் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு, பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, காவலாளியிடம் ஓடினாள். பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.