வெறும் வயிற்றோடு வந்தவர்கள்: நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு ஸ்கேன் பயணம்

என் தோழியின் மகள் நிவேதாவுக்கு அவசர சிகிச்சையில் ஸ்கேன் பார்க்கும் ஃபெலோஷிப் கிடைத்திருக்கிறது. எம்.டி. முடித்தவர்களுக்கான பயிற்சி. அதில் சில வாரங்கள் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை. "அங்க என்ன ஆன்ட்டி இருக்கு?" என்று போனில் கேட்டாள். ஒன்றும் இருக்காது என்று அவளே முடிவு கட்டிவிட்டது குரலில் தெரிந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எண்பதுகளின் கடைசியில் நான் ஸ்கேன் கற்றுக்கொண்டு முதலில் போன ஊர் அது. அவளுக்காகவும், அவளைப் போலக் கிளம்பப்போகும் மற்றவர்களுக்காகவும் இந்தப் பதிவு.

ஃபெலோஷிப் என்ற பெயரெல்லாம் எங்களுக்குக் கிடையாது. பெங்களூரில் ஒரு பேராசிரியர் ஐந்தாறு டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். ஸ்கேன் என்றாலே கர்ப்பிணிகளுக்குத்தான் என்று இருந்த காலம். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று அவசரப் பிரிவிலேயே பார்த்துவிடலாம் என்று அவர் சொன்னபோது கூட வேலை செய்தவர்களே சிரித்தார்கள். பயிற்சியின் கடைசி மாதத்துக்கு, கையில் தூக்கிப்போகும் மிஷின் ஒன்றைக் கொடுத்து, நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்பினார். கையில் தூக்கலாம் என்று சொன்னவர் அதைத் தூக்கிப் பார்த்ததில்லை என்பது என் எண்ணம்.

பெங்களூரிலிருந்து தருமபுரி சுமார் நூற்று முப்பது கிலோமீட்டர். ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக அன்று பஸ்ஸில் நான்கு மணி நேரம் ஆனது. மிஷினை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"டிவிப் பொட்டிக்கு லக்கேஜ் போடணும்ங்க."

"இது டிவி இல்லைங்க. வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கற மிஷின்."

"அப்பிடீங்களா? நான் காத்தால என்ன தின்னேன்னு சொல்லுங்க பாப்போம்!"

பஸ்ஸே சிரித்தது. லக்கேஜ் போடவும் அவர் மறக்கவில்லை. தருமபுரியிலிருந்து சேலம் ரோட்டில் பத்து கிலோமீட்டர் போனால் நல்லம்பள்ளி. அங்கே ஆஸ்பத்திரி ஜீப்போடு டிரைவர் அந்தோணி நின்றிருந்தார். வழி நெடுக இரண்டு பக்கமும் தக்காளித் தோட்டம். பள்ளம் வரும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் மிஷினைத் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டினார்.

அங்கே ஒரே ஒரு டாக்டர்தான், அவரும் ஒரு கன்னியாஸ்திரீ; எல்லோருக்கும் சிஸ்டர். பிரசவம், எலும்பு முறிவு, ஆபரேஷன், மயக்க மருந்து எல்லாமே அவர்தான். வாய்ச்சொல் குறைவு. மிஷினைப் பார்த்து "நல்லா இருக்கு" என்றார். நம்பிக்கை இல்லை என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் வாரம் மிஷினோடும் ஊரோடும் மல்லுக்கட்டினேன். வயல்களில் பம்புசெட் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கி, திரையில் படம் சுருங்கிவிடும். ஜெல் தீர்ந்துபோய், சமையல்கட்டிலிருந்து கடலை எண்ணெய் வாங்கித் தடவினோம். ஸ்கேன் அறை பலகாரக் கடை மாதிரி மணத்தது. இதையெல்லாம் கூடச் சமாளித்துவிட்டேன். என்னை ஆட்டிவைத்தது வேறு. அடிவயிறு திரையில் தெரிய வேண்டுமானால் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். அதற்காகத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வேன். ஒருவர் கூடக் குடித்து வரமாட்டார். எப்போதோ நடந்த குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பட்டினியாகப் போக வேண்டும் என்று சுற்று வட்டாரமே முடிவு செய்துகொண்டது. சளிக்கு மருந்து வாங்க வருகிறவரும் பட்டினி. துணைக்கு வருகிறவரும் பட்டினி! வாசலில் ஒரு பானைத் தண்ணீரை வைத்து, பக்கத்திலேயே நின்று மிரட்டிக் குடிக்கவைத்தேன். எனக்குத் தண்ணிப்பானை டாக்டரம்மா என்று பெயர் வந்தது.

அப்படி ஒரு மத்தியானம், வத்தல்மலையிலிருந்து சின்னப்பொண்ணு என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மலைக்கு அப்போது வண்டிப் பாதை இல்லை. புருஷன் மாதையனும் சொந்தக்காரர்களும் டோலி கட்டி அடிவாரம் வரை சுமந்து வந்து, அங்கிருந்து டிராக்டரில் ஏற்றியிருந்தார்கள். விடியற்காலையிலிருந்து வயிற்று வலி, இரண்டு முறை மயக்கம். உதடு வெளுத்திருந்தது, நாடி படுவேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கி வெடித்திருக்கலாம் என்று சிஸ்டருக்குச் சந்தேகம். அப்படியானால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டும். வேறு ஏதாவது என்றால், இந்த நிலைமையில் கத்தி வைப்பதே அவளைக் கொன்றுவிடும். சேலத்துக்கு அனுப்பலாம்தான். ஆனால் தொப்பூர் கணவாயைத் தாண்டும் வரை அவள் தாங்க மாட்டாள்.

மிஷினோடு வயர் போட்டு இணைத்த புரோபை அடிவயிற்றில் வைத்தேன். வெறும் மூட்டம்.

"தண்ணி ஏதாவது குடுத்தீங்களா?"

"பச்சத் தண்ணி கூட குடுக்கலீங்க," என்றார் மாதையன், சரியாகச் செய்துவிட்ட நிம்மதியோடு. "ஆசுபத்திரிக்கு வரோமில்லீங்களா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் பேராசிரியர் சொன்னது நினைவுக்கு வந்தது. படுத்திருப்பவரின் வயிற்றில் ரத்தம் இருந்தால், கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே போய்த் தேங்கும், அங்கே பார். வலது விலாவுக்குக் கீழே எண்ணெயைத் தடவி புரோபை நகர்த்தினேன். கருப்பாக ஒரு பட்டை. அங்கே இருக்கக்கூடாத கருப்பு.

"ரத்தம்தான் சிஸ்டர்."

அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்றத நம்பித்தான் திறக்கப் போறேன்."

"திறங்க."

அவர் மாதையன் பக்கம் திரும்பினார். "கடைசியா எப்ப சாப்பிட்டா?"

மாதையன் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "நேத்து பொழுதோட களி தின்னதுதாங்க. அப்பறம் ஒண்ணும் குடுக்கல. தப்புங்களா?"

"தப்பா? வயித்துல சாப்பாடு இருந்தா மயக்க மருந்து குடுக்கவே பயந்திருப்பேன். நல்ல வேலை செஞ்சீங்க!" சிஸ்டர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அடுத்த நிமிடம் கை கழுவப் போய்விட்டார்.

வயிறு நிறைய ரத்தம் இருந்தது. குழாயைக் கட்டினார். அந்தோணியின் ரத்தம் பொருந்தியது. கொடுத்துவிட்டு எழுந்து ஜீப் கழுவப் போன அவரைத் திட்டி மறுபடி படுக்கவைத்தோம். மறுநாள் காலையில் சின்னப்பொண்ணு கண் திறந்து, கசங்கிய குரலில் முதலில் கேட்டது: "பசிக்குதுங்க."

நிவேதா, இனிப் பயணக் குறிப்பு. பெங்களூர் போகும் ரயில் பாதையிலேயே தருமபுரி ஸ்டேஷன் இருக்கிறது. நாற்கர ரோட்டில் பஸ்ஸிலும் சீக்கிரம் போய்விடலாம். வத்தல்மலைக்கு இப்போது ரோடு உண்டு, வளைவுகள் அதிகம், மிஷினைச் சீட்டில் கட்டிவை. ஜெல் கூடுதலாக எடுத்துப்போ. யாராவது களி போட்டால் மெல்லாமல் விழுங்கு, மென்றால் சிரிப்பார்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் சின்னப்பொண்ணு தையல் பிரிக்க வந்தாள். கூட மாதையன், அவர் அண்ணன், இரண்டு பெண்கள், எனக்கென்று ஒரு பை கேழ்வரகு. எல்லோரும் காலையிலிருந்து பட்டினி. திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. சமையல்கட்டில் சொல்லி அத்தனை பேருக்கும் இலை போடவைத்து, நானும் கூட உட்கார்ந்தேன்.

அதனால், அங்கே யார் வந்தாலும் மிஷினைத் தொடுவதற்கு முன் "சாப்பிட்டீங்களா?" என்று கேள். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும், அந்தப் பதில் உனக்கு வேண்டியிருக்கும்.