கொல்லைப்புறம் தெரியும் மதில்

இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பழைய கோட்டை மதில்மேல் வெர்னா தினமும் நடப்பாள். துணைக்கு நான் போவேன். உடம்புக்கு நல்லதாம். பொய். மதிலை ஒட்டித்தான் அவள் மகன் கிரஹாமின் வீடு. அவளோடு அவன் பேசிப் பல வருஷமாகிறது. மேலிருந்து பார்த்தால் அவன் கொல்லைப்புறம் தெரியும். கொடியில் காயும் கவுன்களைப் பார்த்துத்தான் பேத்தி வளர்வதை அவள் தெரிந்துகொள்கிறாள்.

நேற்று அவன் வேலியோரம் வரிசையாக மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தான். எங்களை நிமிர்ந்து பார்த்தான். மண்ணை மிதித்து இறுக்கினான்.

"திமிர் பிடிச்சவன், உன் கண்ணுல படக்கூடாதுன்னுதான் நடுறான்டி," என்றேன்.

"இருக்கட்டும். குளிர்காலத்துல இலை கொட்டிடும்ல, அப்போ பார்த்துக்கிறேன்," என்றாள் வெர்னா.

அது எந்தக் குளிருக்கும் இலை கொட்டாத மரம். வெர்னாவுக்குத் தெரியாதா என்ன? நர்சரியில் செடி விற்றுத்தானே அவனை வளர்த்தாள்.