பேர் சொல்லிக் கூப்பிடணும்னு ஒரு திட்டம்

பாளையம்பட்டி தாண்டி நான் வேலை பாக்குற நூல் மில்லுல படியை எடுத்தாக. மாடிப்படி இல்ல, அது அப்படியேதான் இருக்கு. தொழிலாளி, சூப்பர்வைசர், மானேஜருன்னு ஒருத்தர் தலைமேல ஒருத்தர் உக்காந்திருக்கிற படி. ஒரு முடிவு மேல ஏறி எறங்குறதுக்குள்ள ஆர்டரு வேற மில்லுக்குப் போயிருதாம். அதனால இனிமே எல்லாரும் சமம், டீம் டீமா வேலை, சார் கிடையாது, அண்ணன் கிடையாது, பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னு கோயம்புத்தூர்ல இருந்து வந்த ஆலோசகர் படம் போட்டு விளக்குனாரு. கை தட்டுனோம். கழுத்துல மாட்ட ஆளுக்கொரு பேர் அட்டை குடுத்தாக. மானேஜருக்கு மட்டும் அட்டை அச்சாகி வரல. இன்னைக்கு வரைக்கும் வரல.

மறுநாள்ல இருந்து மில்லுல யாரும் யாரையும் கூப்பிடல. அண்ணேன்னா தப்பு, பேர் சொல்லவோ வாய் வரல. கையத் தட்டுனோம், சீட்டியடிச்சோம், நடந்து போயித் தோளைத் தொட்டோம். "பாத்தீங்களா, எல்லாரும் நேர்ல போயிப் பேசிக்கிறாங்க"ன்னு ஆலோசகருக்கு ஒரே சந்தோசம்.

என்னைய ஒரு டீமுக்குத் தலைவியாப் போட்டாக. மூணு மாசம் பாப்பாகளாம், சரியா வரலன்னா பழையபடி அறுந்த இழை ஒட்டப் போயிரணும். எனக்கு அந்த வேலை வேணும். ஆசைப்பட்டேன், இதுல மறைக்க என்ன இருக்கு? வம்பே டீமுல இருந்த பிட்டர்தான், மிஷின் ரிப்பேரு பாக்குறவரு. திருச்சுழிப் பக்கம் எங்க ஊர்க்காரரு, என்னைவிடச் சின்னவரு. அவுக நிலத்துலதான் எங்கம்மா இடுப்பொடியக் களையெடுத்துச்சு. எனக்கு அவரு 'ஐயா', அவருக்கு நான் 'ஏ புள்ள'.

மிஷின் நின்னா அவரப் போயிக் கூப்பிடுவேன். "கொஞ்சம் வாங்கய்யா." அவரு அட்டையத் தட்டிக் காட்டுவாரு.

"பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் வரணும்னு சட்டம். கூப்பிடு புள்ள, வாரேன்."

சுத்தி நிக்கிறவக சிரிப்பாக. என் வாயில வராதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். ஒவ்வொரு தடவையும் மானேஜர்கிட்டப் போயி நின்னேன், அவரு சொன்னப்புறந்தான் ஐயா வந்தாரு. நூல் எடுக்குறதுல எங்க டீமுதான் கடைசி. எனக்குத் தலைமைப்பண்பு போதலன்னு ஆலோசகர் சொல்லிட்டாரு.

மூணாவது மாசம் ஒருநாள் பெல்ட்டு அறுந்துச்சு. அவரு தூண்ல சாஞ்சு பல்லுக்குத்திக்கிட்டு இருந்தாரு. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! மிஷின் சத்தத்துக்கு மேல அவரு பேரச் சொல்லிக் கத்துனேன். "பெல்ட்டு அறுந்துருச்சு, வாங்க!"

யாரும் சிரிக்கல. அவரு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தாரு. ஸ்பேனரை எடுத்தாரு, வந்தாரு, மாட்டுனாரு, போனாரு. சட்டம்னு சொன்னதே அவருதானே. ஆலோசகர் அப்ப டீ குடிக்கப் போயிருந்தாரு.

அதுக்கப்புறம் கூப்பிட்டா வந்தாரு, வேலையும் எனக்கு நிலைச்சுருச்சு. ஆனா பேர் சொல்லிக் கத்துன அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்கி வீட்டுக்குப் போறதுக்குள்ள சேதி போயிருச்சு. அம்மா அடுப்படியில நின்னுச்சு.

"அவுகளப் பேர் சொல்லிக் கூப்பிட்டியாம்ல?"

"ஆமா."

"அடிப்பாவி." அகப்பையால சோத்தைக் கிண்டுச்சு. "வந்தாகளா?"

"வந்தாக."

அம்மா சோத்தை எறக்கி வச்சுச்சு. முதுகைக் காட்டிக்கிட்டே அந்தப் பேரை மெல்ல ஒருக்காச் சொல்லிப் பாத்துச்சு. பெறகு போயி வாசக்கதவச் சாத்திட்டு வந்து, இன்னொருக்கா, சத்தமாச் சொல்லுச்சு.