நோவு என்றொரு டிரைவர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை ஒன்றில் டிசைனராக இருக்கும் ஆரோக்கிய ஜெகனுக்குச் சொந்தமாக ஒரு வீடு உண்டு. திருவந்திபுரம் போகிற வழியில் வாங்கிப்போட்ட மனையில் அதைத் தேடாதீர்கள். அங்கே கருவேல முள்ளும் எல்லைக்கல்லும்தான் இருக்கின்றன. வீடு அவனுடைய லேப்டாப்புக்குள் இருக்கிறது. வாசல், ஹால், சமையல்கட்டு, மாடிப்படி என்று பிளெண்டர் என்கிற இலவச மென்பொருளில் ஒவ்வொரு சுவராக அவனே எழுப்பியது.

எழுப்பி என்ன புண்ணியம்? குடியிருக்க வேண்டியவள் குவைத்தில் இருந்தாள்.

மனைவி ஜோதி மேரிக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் விமானம் ஏறிவிட்டாள். இடையில் வந்துபோன லீவுகளையெல்லாம் கூட்டினால்கூட உருப்படியாக ஒரு வருஷக் குடித்தனம் தேறாது. புருஷன் வெளிநாட்டில், பெண்டாட்டி ஊரில் என்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இங்கே தலைகீழாக இருந்ததால், செம்மண்டலத்தில் ஜெகன் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நடந்தாலே போதும், "என்னாப்பா, இன்னிக்கு என்னா கொழம்பு?" என்று இளிப்பதற்கு நாலு பேர் நின்றார்கள். இளித்துவிட்டுப் போகட்டும், அதையெல்லாம் அவன் சட்டை செய்வதில்லை. அவனை ஆட்டிப்படைத்தது வேறு. பரங்கிப்பேட்டைக்காரர்கள் கல்யாண பேனருக்குக் குடும்ப போட்டோவைக் கொண்டுவந்து, "துபாய்ல இருக்குற எங்க அண்ணனையும் இதுல சேத்துடுங்க தம்பி" என்பார்கள். இவனும் அந்த அண்ணனை வேறொரு படத்திலிருந்து வெட்டியெடுத்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தி, தரையில் நிழல்கூடப் போட்டுக் கொடுப்பான். அப்படிப்பட்ட நாளில் மத்தியானச் சோறு இறங்காது அவனுக்கு.

இந்தத் தடவை ஜோதி லீவில் வரும்போது அவளுடைய ஒப்பந்தம் முடிகிற நேரம். நீட்டிக்கப் போகிறாளா, ஒரேயடியாக வந்துவிடுவாளா என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. அதற்குப் பதில் மனசுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தான். செம்மண்டலத்து வாடகை வீட்டு ஹாலில் இருக்கும் பெரிய டிவியில் லேப்டாப்பை மாட்ட வேண்டும். கீபோர்டை அவள் மடியில் வைத்து, "உள்ள போ" என்று சொல்ல வேண்டும். சொந்த வீட்டுக்குள் ஒரு நடை நடந்துவிட்டால் திரும்பிப் போக அவளுக்கு மனசு வராது. வரவே வராது என்று அவன் நம்பினான்.

லேப்டாப்புக்கு அந்த நம்பிக்கையெல்லாம் தெரியுமா? மக்கர் பண்ணியது. அதற்குள் திரையில் படம் காட்டுகிற இரண்டு கிராபிக்ஸ் கார்டு. ஒன்று அன்றாட வேலைக்கு, மற்றது பாரமான படங்களுக்கு. லேப்டாப்பில் இருந்ததோ விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அதில் முதல் கார்டு மட்டும் எழுந்து உட்கார்ந்தது, இரண்டாவது கிடந்த இடத்தில் கிடந்தது. ஒற்றைக் கார்டால் வீட்டை இழுக்க முடியவில்லை. வாசலிலிருந்து ஹாலுக்குப் போவதற்குள் படம் நின்று நின்று முக்கியது. அதைவிடக் கொடுமை, டிவி வயரைச் செருகுகிற ஓட்டை அந்த இரண்டாவது கார்டோடுதான் சேர்ந்திருந்தது. அது எழுந்திருக்காமல் டிவியில் ஒரு புள்ளிகூடத் தெரியாது.

அந்த எரிச்சலில் ஒருநாள் வீடியோ காலில் வாய் தவறி, "ரெண்டு கார்டுல ஒண்ணுதான் வேல செய்யிது" என்று ஜோதியிடம் சொல்லிவிட்டான்.

"ரெண்டு கார்டா?" அவள் முகம் மாறியது. "நமக்கு எதுக்குங்க ரெண்டு கார்டு? என் பேர எடுத்துட்டு உங்களுக்குத் தனியா போட்டுட்டீங்களா?"

வெளிநாட்டில் இருப்பவர்களை ரேஷன் கார்டிலிருந்து நீக்குகிறார்கள் என்று எவளோ ஒருத்தி அவள் காதில் ஓதியிருக்கிறாள். ஜெகனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அட லூசு, இது கம்ப்யூட்டர் கார்டு!"

அவள் சிரிக்கவில்லை. "ரேஷன் கார்டுல என் பேரு இருக்குல்ல?"

"இருக்கு."

"எடுத்தாந்து காட்டுங்க."

பீரோவிலிருந்து எடுத்துவந்து கேமரா முன்னால் பிடித்தான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுவாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினான். ஜோதியின் தம்பி சார்லஸ் தெற்கு வீதியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டு மாமன் தலையில் கட்டிய மகராசன் அவன்தான்.

"மச்சான், கார்ட ஓட்ட வேண்டிய இந்த நோவு டிரைவர் என் உயிர வாங்குதுடா."

"என்னா டிரைவர் மாமா?"

ஜெகன் திரையில் அந்த ஆங்கில எழுத்துகளைக் காட்டினான். சார்லஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அது நோவு இல்ல மாமா, நுவோ! பிரெஞ்சு வார்த்த. புதுசுன்னு அர்த்தம். பாண்டில படிச்ச என்கிட்டயே இப்படிப் படிக்கிறீங்களே!"

"என்னவோ போ. எனக்கு நோவுதான் குடுக்குது."

கார்டு செய்த கம்பெனி அந்தப் பழைய மாடலை எப்போதோ கைகழுவிவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் வெளியில் சொல்லவில்லை. உலகத்தின் மூலைமுடுக்கில் இருக்கிற யார் யாரோ தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, தாங்களாகவே எழுதிப் பொதுவில் வைத்த டிரைவர் அந்த நுவோ. அதை விட்டால் வேறு கதி இல்லை. சார்லஸ் லினக்ஸுக்கு அடிப்படையான கெர்னல் என்கிற கருவைப் புதிதாக மாற்றினான். திரை கறுத்தது. இன்னொன்றைப் போட்டான். அதுவும் கறுத்தது.

"எதுக்கு மாமா இவ்ளோ கஷ்டம்? வீட்டச் சுத்தி ஒரு வீடியோவா எடுத்து பென்டிரைவ்ல போட்டுட்டா டிவி தானா காட்டிடும்."

"வீடியோன்னா அவ பாப்பா. பாக்கறதுக்குத்தான் போன் இருக்கே, எத்தன வருசமா பாத்துகிட்டு கெடக்கோம்? அவ நடக்கணும்டா."

சார்லஸ் அதற்கப்புறம் பென்டிரைவ் பேச்சை எடுக்கவில்லை. மூன்றாவதாகப் போட்ட கருவில் இரண்டாவது கார்டு கண் திறந்தது. "ரெண்டும் ஒண்ண ஒண்ணு தெரியாம ஒரே வீட்டுல இருக்குதுங்க. அறிமுகம் பண்ணி வெக்கணும்" என்று ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டினான். முதல் கார்டின் படத்தை இரண்டாவது வாங்கி வெளியே அனுப்பியது. கடை டிவியில் வீட்டு வாசல் வந்து நின்றது. பிளெண்டரை இரண்டாவது கார்டில் ஓடவிட்டதும், கதவு வழியாக ஹாலுக்குள் திக்காமல் திணறாமல் போக முடிந்தது.

"அடேங்கப்பா!" என்று கத்திய ஜெகன், மச்சானைக் கட்டிப் பிடித்து கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டான். ரிப்பேருக்கு வந்திருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஜோதி வந்து சேர்ந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவளை டிவி முன்னால் உட்காரவைத்து, கீபோர்டை மடியில் வைத்தான்.

"உள்ள போ ஜோதி."

வாசல் தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹாலுக்குப் போனாள். ஜன்னல் பக்கம் நின்றாள். மாதா படம் வைத்த மாடத்தைப் பார்த்ததும் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெகன் டிவியைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சமையல்கட்டுக்குள் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இது யாரு கண்ணு?"

"உன் கண்ணுதான். கேமராவ உன் ஒசரத்துக்குத்தான் வச்சிருக்கேன்."

"பிரிட்ஜு மேல இருக்குற கூடக்குள்ள தக்காளி தெரியுது பாருங்க. ஸ்டூல் போடாம எனக்கு என்னிக்குத் தெரிஞ்சிருக்கு?"

"கல்யாண போட்டோவப் பாத்துதான் வச்சேன்..."

"அதுல நான் பலக மேல நின்னேங்க! பொண்ணு குட்டையா இருக்குன்னு போட்டோக்காரரு எடுத்துப் போட்டாரு. பொடவ மறச்சிடுச்சு. நீங்கதான விழுந்து விழுந்து சிரிச்சீங்க?"

அவனுக்கு அது ஞாபகமே இல்லை. அவள் எழுந்து வந்து செருப்பில்லாமல் அவன் பக்கத்தில் நின்றாள். உச்சந்தலை அவன் தோளுக்குத்தான் வந்தது. காது வரைக்கும் வருவாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். போனில் முகம் மட்டும்தானே வருகிறது.

"என் ஒசரம் மறந்துபோச்சா உங்களுக்கு?" என்றாள். சிரிப்பாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் உடைந்துவிட்டது. அவன் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் அங்க ஒப்பந்தத்த நீட்டிக் கையெழுத்து போட்டுட்டுத்தாங்க வந்தேன். மனயா கெடக்கு, கட்ட வேணாமா? நீங்க இப்படிக் கட்டி வச்சிருப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஜெகனுக்குப் போகாதே என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, பேனர் அளக்கிற டேப்பைப் பையிலிருந்து எடுத்தான்.

"நில்லு. சரியா போட்டுக்கறேன்."

அவள் குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நின்றாள். டேப்பை இழுத்து அவள் தலைமேல் கையை வைத்து எண்ணைப் பார்த்தான். பார்த்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. எடுங்க என்று அவளும் சொல்லவில்லை.