‘இறங்காதே’ என்று எழுதியவர்

ஆம்பூர்ப் பட்டறையில் காலை நேரம். கரண்ட் போயிருந்ததால் எல்லோரும் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். எஸ்தர் மேடத்தின் தம்பி போனில் அழைத்தார். “அக்கா போய்ட்டாங்க, பாய்” என்றார். போனை வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

மேடத்துடன் வேலூரில் படித்தவர்களும், சர்ச்சில் அவருடன் பாடியவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர் செய்த வேலை இன்னதென்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அவர் வீட்டிலேயே ‘கம்ப்யூட்டர் வேலை’ என்றுதான் சொல்வார்கள். ஆறேழு வருடம் பக்கத்து மேஜையில் இருந்து அதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் பட்டறை, தோல் தொழிற்சாலைகளின் கழிவுத் தொட்டிகளுக்கு மேலே மாட்டும் அலாரம் பெட்டியைச் செய்கிறது. தொட்டியில் விஷவாயு சேர்ந்தால் பெட்டி கத்தும், அதன் சின்னத் திரையில் தமிழிலும் உருதுவிலும் எச்சரிக்கை ஒளிரும். பெட்டியின் வயரிங் என் வேலை. திரையில் என்ன தெரிய வேண்டும் என்பது மேடத்தின் வேலை. திரையில் எழுத்தும் படமும் வரைய, வெளிநாட்டில் சிலர் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் ஒரு லைப்ரரியை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்பை, அவர் பயன்படுத்தினார். அதனுடன் ஒரு நீண்ட பட்டியல் வரும். காலண்டர், கடிகாரம், சுழலும் படங்கள், விதவிதமான எழுத்துகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வேண்டும் என்றால் ஒன்று, வேண்டாம் என்றால் பூஜ்யம். அதன்படிதான் நிரல் கம்பைல் ஆகி சிப்புக்குள் போகும். பூஜ்யம் போட்டது சிப்புக்குள் இருக்கவே இருக்காது. பிறகு எந்தப் பட்டனை அழுத்தினாலும் வராது.

எங்கள் சிப்பில் இடம் கம்மி. மேடம் முதல் வாரமே காலண்டர், கடிகாரம் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டார். முதலாளிக்குப் பெட்டியை ஆன் செய்ததும் கம்பெனி லோகோ சுழன்று வர வேண்டும் என்று ஆசை. மேடம் நிதானமாகச் சொன்னார்: “லோகோ உள்ள வந்தா உருது வெளிய போயிடும் சார். எது வேணும், நீங்களே சொல்லுங்க.” முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். லோகோ வரவில்லை.

உருது முதலில் சரியாக வரவில்லை. எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக வந்து நின்றன. அதைச் சரிசெய்யும் இரண்டு வரிகள் அந்தப் பட்டியலில் பூஜ்யமாக இருந்ததை மேடம் கண்டுபிடித்து ஒன்று போட்டார். மறுபடி கம்பைல் செய்து என்னைப் படிக்கச் சொன்னார். கீழே இறங்க வேண்டாம் என்பதை நான் பணிவான உருதுவில் எழுதிக் கொடுத்திருந்தேன். “இது மரியாதையா இருக்கா, மிரட்டுற மாதிரி இருக்கா?” என்று கேட்டார். மரியாதைதான் என்றேன். “மாத்துங்க பாய். மரியாதையா சொன்னா இறங்கிடுவாங்க.”

தமிழ் அதைவிடக் கஷ்டம். ‘இறங்காதே’ என்பதில் கடைசி எழுத்தின் கொம்பு ‘த’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்ய அந்த நீண்ட பட்டியலில் ஒரு வரியும் இல்லை. லைப்ரரிக்காரர்களுக்கு எழுதினார். நல்ல யோசனை, யாராவது செய்து அனுப்பினால் பார்க்கிறோம் என்று பணிவாகப் பதில் வந்தது. “ஆஃப் பண்ணி வெச்சிருந்தா ஆன் பண்ணலாம். இல்லாததை எப்படி ஆன் பண்றது?” என்றார். பிறகு ‘கா’, ‘தே’ என்று வேண்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படமாகவே வரைந்து ஏற்றினார். அது சரியாக வந்த அன்று, அவர் சத்தமாகச் சிரித்ததைக் கேட்டேன். அப்படி அவர் சிரித்தது அபூர்வம்.

பெட்டிகள் பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் விற்றன. சில மாதங்களில் புகார் வரத் தொடங்கியது. பெட்டி கெட்டுப்போகவில்லை. எப்போதும் கத்துகிறது, வேலை ஓடவில்லை என்பதுதான் புகார். வாயு எப்போதும் இருந்ததால் அது எப்போதும் கத்தியது. பார்வையிட வருகிறவர்களுக்குக் காட்டச் சுவரில் பெட்டி இருந்தால் போதும், அலாரமும் திரையில் எச்சரிக்கையும் இல்லாமல் ஒரு மாடல் வேண்டும் என்று முதலாளி கேட்டார். அதற்கான வரியைப் பட்டியலில் மேடமே எழுதியிருந்தார். ஒன்றைப் பூஜ்யமாக்கினால் போதும். முடியாது என்றார். சென்னையிலிருந்து வந்த வேறொருவர் அதைச் செய்துகொடுத்தார். காலியான இடத்தில் கடிகாரமும் சுழலும் லோகோவும் வந்தன.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தொட்டி சுத்தம் செய்ய ஒருவர் இறங்கி மயங்கினார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். இருவரும் பிணமாகத்தான் வெளியே வந்தார்கள். செய்தி கேட்டதும் மேடமும் நானும் பஸ் பிடித்துப் போனோம். நாங்கள் போய்ச் சேருமுன் அங்கே மாட்டியிருந்த எங்கள் பெட்டியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். சுவரில் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் மட்டும் தெரிந்தன. கேட்டருகே உட்கார்ந்திருந்த தொழிலாளி ஒருவரிடம், அந்தப் பெட்டி சத்தம் போடவில்லையா என்று மேடம் கேட்டார்.

“அது இன்னா மேடம் சத்தம் போடப்போவுது? நாங்க கடிகாரம்னு நெனச்சோம்.”

மறுநாளே மேடம் வேலையை விட்டார். நடந்ததை எழுதிக்கொண்டு வேலூரில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். ஒரு நாள் நானும் உடன் போனேன். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் அல்ல. உட்காரச் சொல்லி முழுவதும் கேட்டார். அப்படியொரு பெட்டி இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை, அதனால் அது கத்தாததும் குற்றமாகாது என்றார். மேடம் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதே உடம்பு சரியில்லாமல்தான் இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை.

நோய் என்னவென்று தெரிந்தபோது, செய்வதற்கு அதிகம் மிச்சமில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவரைப் பார்த்தபோது மிகவும் மெலிந்திருந்தார். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பள்ளிகொண்டா அருகே பாலம் வேலை முடிந்ததா என்று கேட்டார். பிறகு, “அந்த லைன் இப்ப எப்படி இருக்கு?” என்றார்.

எந்த வரி என்று நான் கேட்கவில்லை. “பூஜ்யம்தான் மேடம். இப்ப எல்லாப் பெட்டியும் அப்படித்தான் போகுது” என்றேன்.

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஒண்ணுன்னு பொய் சொல்லியிருக்கலாம் பாய்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று சொன்னதும் எழுந்து வந்தேன்.

அவர் அடக்கத்துக்கு முதலாளி வந்திருந்தார், கம்பெனி பெயர் எழுதிய மலர்வளையத்துடன். நான் இன்னும் அதே பட்டறையில்தான் வேலை செய்கிறேன். போக வேறு இடமில்லை. மேடம் அமைத்த பழைய பட்டியல் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைக் கம்பைல் செய்தால் இன்றும் சரியாக வரும். கேட்பவர்தான் இல்லை.

படுக்கையில் கிடந்த நாட்களில் அவர் போனில் உருது எழுத்துகளைப் பழகிக்கொண்டிருந்தார் என்று தம்பி சொல்லித்தான் தெரியும். நான் பார்த்துவிட்டு வந்த மறுநாள் அவரிடமிருந்து உருதுவில் ஒரு மெசேஜ் வந்தது. “மை டீக் ஹூன்.” நான் நலமாக இருக்கிறேன் என்று பொருள். அதில் ஓர் எழுத்து தவறு. அந்த வாரமே இறந்துவிட்டார்.

அவர் என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். தவறைத் திருத்தி நான் பதில் அனுப்பவில்லை. போனில் அப்படியே வைத்திருக்கிறேன்.