கவுண்டரில் பன்னிரண்டு விநாடி

ஆபீசில் அவரை எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஃபிரிட்ஜ் வாங்கும் முன் மாடிப்படித் திருப்பத்தில் கயிறு பிடித்து அளந்தவர். செருப்பு வாங்கச் சாயங்காலம்தான் போவார். காலையில் கால் சின்னதாக இருக்குமாம்.

கிளினிக்குகளுக்கு சாஃப்ட்வேர் செய்யும் சின்ன கம்பெனி அது. நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் இவர் பொறுப்பு. ஆபீஸ் மூலையில் உறுமிக்கொண்டிருந்த பழைய மெஷினிலிருந்து அதைக் கிளவுடுக்கு மாற்ற வேண்டும். எங்கே, எவ்வளவு பெரிய மெஷினை வாடகைக்கு எடுப்பது என்று முதலாளி இவரைத்தான் கேட்டார்.

இரண்டு மாதம் அளந்தார். நம் ஊர்ப் பக்கத்தில் சின்ன மெஷினுக்குக் கொடுக்கும் வாடகைக்குக் கடல் தாண்டி நாலு மடங்கு பெரியது கிடைத்தது. ஐந்து வருஷ விவரத்தையும் அதனிடம் ஒரே கேள்வியாகக் கேட்டார். ஒரே விநாடியில் பதில். "இதுதான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை ஒரு கிளினிக்கை மட்டும் மாற்றிப் பார்ப்பது, வெள்ளிக்கிழமை எல்லாவற்றுக்கும் ஒரு வருஷ ஒப்பந்தம் போடுவது என்று பேச்சு. கையெழுத்துப் போட்டுவிட்டால் வருஷம் முடியும்வரை விலக முடியாது.

அந்த ஒரு கிளினிக்கின் கவுண்டரில் உட்காருவது அவர் மனைவி.

புதன்கிழமை சாயங்காலம் அவள் பையை மேஜையில் போட்டாள்.

"உங்க கிளவுடு பிரமாதங்க. பேரைத் தட்டிட்டு, அது வர்றதுக்குள்ள ஒரு சட்டைக்குப் பட்டன் தைச்சுடலாம்."

"ஒரு விநாடிதானே? நானே அளந்தேன்."

"எங்க உக்காந்து?"

"ஆபீஸ்லதான்."

"அப்ப நோயாளிங்களை அங்கயே அனுப்பிடறேன். இன்னிக்கு ஒரு அம்மா, 'உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதா'ன்னு கேட்டாங்க. வரிசையே சிரிச்சுது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சாப்பாட்டுத் தட்டை மட்டும் டொக்கென்று வைத்தாள்.

மறுநாள் காலை அவர் போய் அவளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு பேருக்குப் பன்னிரண்டு விநாடி. "கொஞ்சம் இருங்க, வந்துடும்" என்று அவள் பத்தொன்பது பேரிடம் சொன்னாள். கிளினிக்கின் இன்டர்நெட் லைன் மேல் பழி போடலாம் என்றுதான் லேப்டாப்பைத் திறந்தார். விஷயம் வேறாக இருந்தது. ஒரு நோயாளியின் பக்கம் திறக்க சாஃப்ட்வேர் அறுபது சின்னக் கேள்வி கேட்கிறது. ஒன்றுக்குப் பதில் வந்தபிறகுதான் அடுத்தது. ஒவ்வொன்றும் கடல் தாண்டிப் போய்த் திரும்புகிறது; ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகக் கடைக்கு நடப்பதுபோல. அங்கே அந்தப் பெரிய மெஷின் பத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லாமல் சும்மா கிடந்தது.

"என்னங்க, மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?"

"தப்பு என்னோடதுதான்."

"சத்தமா சொல்லுங்க. வரிசைக்குக் கேக்கணும்."

மத்தியானம் முதலாளி அறைக்குப் போனார். தான் அளந்து சொன்னதை அவர் இதுவரை திரும்ப வாங்கியதே இல்லை.

"சார், நாளைக்குக் கையெழுத்துப் போடாதீங்க."

"யோவ், நீ அளந்து குடுத்ததுய்யா!"

"அளந்த இடம் தப்பு சார். பக்கத்துல சின்ன மெஷினே போதும். முதல்ல மாசாமாசம் எடுப்போம். கவுண்டர்லயே வச்சு அளந்துட்டு மத்ததைச் சொல்றேன்."

முதலாளி பேனாவை மூடினார். "உன்னைக் கவுண்டருக்கு யாரு போகச் சொன்னது?"

"வீட்ல, சார்."

"அவங்களையே வேலைக்கு வச்சிருக்கலாம்."

அடுத்த திங்கட்கிழமை கிளினிக்கை ஊர்ப் பக்கத்துச் சின்ன மெஷினுக்கு மாற்றினார்கள். ஸ்டூலில் உட்கார மனைவி விடவில்லை; பின்னால் யாராவது இருந்தால் கை தடுமாறுகிறதாம். அளவுக்காரர் வரிசையில் போய் நின்றுகொண்டார். முன்னால் நின்றவர் குடையைச் சாத்தி வைக்கும் முன்பே, "போன வாரம் இருமல்னீங்களே, குறைஞ்சுதா?" என்று அவள் கேட்டாள். வரிசை கடகடவென்று நகர்ந்தது. இவர் முறை வந்தது.

"பேரு?" என்றாள், முன்பின் தெரியாதவள்போல.

சொன்னார். எப்போதோ காய்ச்சலுக்கு வந்தபோது பதிந்த அவர் பக்கம் சட்டென்று திறந்தது. அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"வயசை ரெண்டு வருஷம் குறைச்சுக் குடுத்திருக்கீங்க. திருத்திடறேன். அடுத்தவங்க வாங்க."